பழைய படச் சட்டத்துல சூரிய வெடிப்பு புடிச்ச கதை

2024 மே 11 காலைல போனைத் திறந்தா லடாக் ஹன்லேல ராத்திரி வானம் செவப்பா இருந்த போட்டோதான் எல்லா குரூப்லயும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2003 அக்டோபருக்கு அப்புறம் வந்த முதல் ஜி5 காந்தப் புயல், அதான் மேல இருக்குற கிரேடு. நம்ம பக்கம் வானம் செவக்காது, நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல கிடக்கோம், ஆனா தலைக்கு மேல ஏதாவது நடந்திருக்கும்ல, அதை வேற எப்படியாவது பாக்க முடியுமான்னு அன்னைக்கு மண்டைக்குள்ள ஏறுன பூச்சி, அக்டோபர் வரைக்கும் விடல.

நான் காரைக்குடில யுபிஎஸ் இன்வெர்ட்டர் ரிப்பேர் பாக்குறவன், குடியிருக்குறது பள்ளத்தூர்ல ஒரு வளவு வீட்டோட பின்கட்டுல. வீட்டுக்காரவுக எல்லாம் சென்னை சிங்கப்பூர்னு போயிட்டாக, ஆச்சி மட்டும் இருக்காக. வீட்டுல நாலு கட்டு இருக்குறதால சாமான் பரப்ப எடத்துக்குப் பஞ்சமில்ல, அது பெரிய வசதி.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன், ஏன்னா எனக்கே இது புரிய ஒரு மாசம் ஆச்சு. சூரியன்ல நடக்குறது ரெண்டு வேற வேற சமாச்சாரம். ஒன்னு ஃபிளேர், திடீர்னு அடிக்கிற எக்ஸ்ரே வெளிச்சம், வெளிச்ச வேகத்துலயே எட்டு நிமிஷம் சொச்சத்துல நம்மகிட்ட வந்துடும். இன்னொன்னு சிஎம்இ, சூரியன் தன் மேல இருந்து காந்தப்புலத்தோட சேத்துப் பிச்சு எறியிற பிளாஸ்மா மேகம், அது வர ஒரு நாள்ல இருந்து மூணு நாலு நாள் வரைக்கும் ஆகும், அதுவும் நம்ம பக்கமா எறிஞ்சாத்தான், அது வந்து மோதுறதுதான் காந்தப் புயல். தீபாவளிக்குத் தெருமுக்குல அணுகுண்டு போட்டா பளிச்சுன்னு வெளிச்சம் தெரு முழுக்கத் தெரியும், காகிதத் துண்டு யாரு வாசல்ல விழும்ங்கறது மட்டும் அது பறக்குற பக்கத்தைப் பொறுத்தது, அந்தக் கணக்குதான். அதனால நம்ம பக்கம் திரும்பின வெடிப்பா இல்லையான்னு பாக்க ஒரு கருவி பத்தாது. எப்ப வெடிச்சுதுன்னு ஒன்னு சொல்லணும், சூரியனோட எந்த எடத்துலன்னு ஒன்னு சொல்லணும், வந்து மோதிச்சான்னு இன்னொன்னு சொல்லணும்.

முதல் கருவி ரேடியோ. தரைல இருந்து 60–90 கிலோமீட்டர் உயரத்துல டி லேயர்னு ஒன்னு, பகல்ல சூரிய வெளிச்சத்தால உண்டாகி ராத்திரி கரைஞ்சு போற, மின்னேறின காத்து அடுக்கு. நீர்மூழ்கிக் கப்பல்களோட பேச நேவிக்காரங்க அனுப்புற ரொம்பக் குறைஞ்ச அலைவரிசை சிக்னல், விஎல்எஃப்னு சொல்வாங்க, தரைக்கும் இந்த அடுக்குக்கும் நடுவுல தட்டித் தட்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஃபிளேர் அடிச்ச உடனே அந்த எக்ஸ்ரே டி லேயரை இன்னும் கனமாக்கி கீழ எறக்கும், சிக்னல் திடீர்னு கூடும் இல்ல குறையும். அந்த சிக்னலோட பலத்தை நாள் முழுக்க அளந்து கோடு போட்டாப் போதும், மேகமா இருந்தாலும் மழையா இருந்தாலும் சூரியன் வெடிச்சா கோடு குதிக்கும். இதுக்கு ரேடியோ பெட்டியே வேணாம், ஏன்னா நமக்கு வேண்டிய அலைவரிசை எல்லாம் 24 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழ, கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டு மைக் ஓட்டையே படிச்சிடும். ஆன்டெனா மட்டும்தான் நம்ம வேலை.

ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச் சட்டம் வேணும். ஆசாரிகிட்ட கேட்டா ஒரு வாரம்னாரு. காரைக்குடில பழைய சாமான் கடைப் பக்கம் போனப்ப, படமெல்லாம் செல்லரிச்சுப் போயி வெறும் தேக்குச் சட்டம் மட்டும் நின்ன பெரிய சாமி படம் ஒன்னு சுவத்துல சாஞ்சு கிடந்துச்சு, கடைக்காரருக்கு அது போனாப் போதும்னு இருந்திருக்கும் போல, எறநூறு ரூவாய்க்குக் குடுத்துட்டாரு. மோட்டார் வைண்டிங் கடைல 26 கேஜ் எனாமல் கம்பி முந்நூறு கிராம், அது கிட்டத்தட்ட எறநூறு மீட்டர் வரும், ஒரு சுத்துக்கு நாலு மீட்டர்னா அம்பது சுத்து.

சுத்துறது தனி ஆள் வேலை இல்லைங்க. கம்பி தளர்ந்தா சரிஞ்சு விழுது, இறுக்கினா மூலைல எனாமல் உரியுது, உரிஞ்சா பக்கத்துச் சுத்தோட ஒட்டி ஷார்ட்டு. நாலு மூலைக்கும் சைக்கிள் ட்யூபை வெட்டி வச்சப்புறம்தான் அந்தத் தொல்லை விட்டுச்சு. முப்பத்தேழாவது சுத்துல ஆச்சி வந்து "என்னப்பா இது, கட்டிலுக்குக் கயிறு பின்றியா"ன்னாக, பதில் சொல்லிட்டுத் திரும்பினா எண்ணிக்கை போச்சு. எண்ண முடியாது, ஒன்னு மேல ஒன்னு கிடக்கு. கடைசில மல்டிமீட்டர்ல ரெசிஸ்டன்ஸ் பாத்து கம்பி நீளத்தைக் கணக்குப் பண்ணி அம்பத்திரெண்டுன்னு முடிவுக்கு வந்தேன், அது அம்பத்தொன்னா இருந்தாலும் ஒன்னும் குடி முழுகிடாது. ரெண்டு முனையையும் லான் கேபிள்ல ஒரு ஜோடில கோத்து, பத்து மீட்டர் இழுத்து, நூத்தம்பது ரூவா யுஎஸ்பி சவுண்ட் கார்டுல சொருகியாச்சு. சின்ன பைத்தான் ப்ரோக்ராம் ஒன்னு, அஞ்சு வினாடிக்கு ஒருதடவ எஃப்எஃப்டி, அதாவது சிக்னலை அலைவரிசை வாரியாப் பிரிக்கிற கணக்கு, போட்டு வேணும்ங்கற அலைவரிசையோட பலத்தை ஃபைல்ல எழுதும்.

போட்ட அன்னைக்கே 18.2 கிலோஹெர்ட்ஸ்ல பனை மரம் மாதிரி ஒரு கோடு நெட்டுக்குத்தலா நின்னுச்சு. விடிஎக்ஸ், நம்ம திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்துல இருக்குற நேவி ஸ்டேஷன். சந்தோஷம் தாங்கல. ஆனா பத்து நாளு பதிவு பண்ணிப் பாத்தா பகல்ல கோடு செத்த பாம்பு மாதிரி அசையாமக் கிடக்கு, நடுவுல ரெண்டு எம் கிளாஸ் ஃபிளேர், அதாவது நடுத்தர அளவு வெடிப்பு, வந்துட்டுப் போயிருக்கு, ஒரு சலனம் இல்ல. அப்புறம்தான் உறைச்சுச்சு, அது எங்க ஊர்ல இருந்து எறநூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான், சிக்னல் பெரும்பாலும் தரையோட ஒட்டியே வந்துடுது, மேல போயி டி லேயர்ல பட்டு வர்ற பங்கு கம்மி. ஸ்டேஷன் பக்கத்துல இருக்குறது நல்லதுன்னு நெனச்சது தப்பு, தூரமா இருக்கணும்.

தூரத்துல இருக்குறது ஆஸ்திரேலியாவோட மேற்குக் கரைல என்டபிள்யூசி, 19.8 கிலோஹெர்ட்ஸ், பத்து லட்சம் வாட் பவர், இங்கேருந்து அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அது விடிஎக்ஸ் பனை மரத்துக்குப் பக்கத்துல கத்திரிச் செடி மாதிரி தெரிஞ்சுச்சு. இங்கதான் சட்டம் கை குடுத்துச்சு. இந்த மாதிரி லூப் ஆன்டெனா தன்னோட விளிம்பு பாக்குற திசைல நல்லா வாங்கும், முகம் பாக்குற திசைல செவிடு. மேப்ல கோடு போட்டுப் பாத்தா என்டபிள்யூசி எங்களுக்குத் தென்கிழக்கு, விடிஎக்ஸ் தென்மேற்கு, ரெண்டுக்கும் நடுவுல எண்பது டிகிரி வாக்குல, கிட்டத்தட்ட செங்குத்து! சட்டத்தோட விளிம்பைத் தென்கிழக்க பாக்க வச்சா முகம் தானா விடிஎக்ஸ் பக்கம் திரும்பிடும். ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பத் திருப்ப பனை மரம் குட்டையாகிக்கிட்டே வந்து ஒரு எடத்துல புல்லாப் போச்சு, கத்திரிச் செடி அப்படியே நிக்குது. இந்த மொத்த வேலைலயும் எனக்கு ரொம்பப் புடிச்ச பத்து நிமிஷம் அதுதான். பெயின்ட் டப்பாவுல தரைல கோடு போடலாம்னு போனேன், ஆத்தங்குடிக் கல்லு மேல பெயின்ட்டான்னு ஆச்சி முறைச்சதுல சாக்பீஸோட நிறுத்திக்கிட்டேன்.

அடுத்து வந்தது சாயங்கால ஃபிளேர். தினமும் நாலு மணிக்கு, பத்து நிமிஷம், கோடு சட்டுனு ஏறி அப்படியே நிக்கும், சட்டுனு எறங்கும். முதல் நாள் ஆடிப் போயிட்டேன், ரெண்டாம் நாளும் வந்துச்சு, மூணாம் நாளும். சூரியனுக்கு எங்க ஊரு டீ டைம் எப்படித் தெரியும்னு யோசிச்சப்பதான் பொறி தட்டுச்சு. ஆச்சி கேஸ் தீந்தா அலைய முடியலன்னு மூணாம் கட்டுல இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வச்சிருக்காக, அது வேலை செய்யிறதே இருபது கிலோஹெர்ட்ஸுல இருந்து மேலதான், சரியா நம்ம வாசப்படில. இதை வடிகட்ட முடியாது. ஆனா உருவத்தை வச்சு அடையாளம் கண்டுபுடிச்சிடலாம். அடுப்பு போட்டது செங்கல் மாதிரி நாலு பக்கமும் வெட்டினாப்ல இருக்கும். நெசமான ஃபிளேர் சில நிமிஷத்துல விறுவிறுன்னு ஏறி, அப்புறம் அரை மணி, ஒரு மணி நேரம்னு சாவகாசமா எறங்கும், சுறாவோட முதுகுத் துடுப்பு மாதிரி. பழைய எல்இடி பல்பு, என் இன்வெர்ட்டர், எல்லாத்துக்கும் ஒரு கையெழுத்து இருக்கு, பழகிட்டா பாத்த உடனே தெரியும். இடி மின்னல் வேற, சீப்புப் பல்லு மாதிரி குத்துக் குத்தா வரும், ஐப்பசில கேக்கவே வேணாம்.

ரெண்டாவது கருவி மோதினதைச் சொல்ற காந்தம். நெட்ல பாத்த மாதிரியே, பெட்டிக்கடை மிட்டாய் பாட்டில் ஒன்னுல பட்டு நூலுல சின்னக் காந்தத்தைத் தொங்கவிட்டு, அதுல துண்டுக் கண்ணாடி ஒட்டி, லேசர் அடிச்சு, எதிர் சுவத்துல புள்ளி நகர்றதைப் பாக்குற ஏற்பாடு. எங்க சுவரு முட்டை வெள்ளைக்கரு பூசித் தேச்சது, லேசர் அதுல பட்டு எங்கயோ தெறிச்சிடுச்சு, கிராஃப் பேப்பர் ஒட்டினேன். புள்ளி நகர்ந்துச்சு, நல்லாவே நகர்ந்துச்சு, எப்பன்னா பால்காரரு மொபெட்டை வாசல்ல நிறுத்துறப்ப எல்லாம். அதைவிடப் பெரிய கோளாறு ஒன்னு இருக்கு, இதை யாரும் சொல்லல, ஏன்னா எழுதுனவங்க எல்லாம் வடக்க இருக்குறவங்க. தொங்குற காந்தம் வடக்க பாத்து நிக்கும், கிழக்கு மேற்கா ஆடுறதைத்தான் காட்டும். நம்ம பக்கம், காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட, புயல் வந்தா திசை பெருசா மாறாது, வடக்க இழுக்குற பலம்தான் குறையும். பலம் குறைஞ்சா காந்தம் அப்படியே வடக்க பாத்துக்கிட்டுதானே நிக்கும், புள்ளி எப்படி நகரும்? நூலை முறுக்கிக் காந்தத்தைக் கிழக்கப் பாக்க வச்சா காட்டும்தான், அதையும் செஞ்சேன், புழுக்கத்துக்கு ஒரு முறுக்கு காத்துக்கு ஒரு முறுக்குன்னு பட்டு நூலு வானிலை அறிக்கை வாசிக்க ஆரம்பிச்சிடுச்சு. பாட்டில்ல இப்ப ஆச்சி சுக்கு போட்டு வச்சிருக்காக.

கடைசில சென்சாரே வாங்கினேன். முதல்ல முந்நூறு ரூவா மாடுல், ட்ரோன்ல திசைகாட்டியா போடுறது, அதோட இரைச்சலே நூறு எறநூறு நானோ டெஸ்லா (காந்தப் பலத்தை அளக்குற அலகு), நம்ம தேடுறதும் அதே அளவு, பிரயோஜனமில்ல. அப்புறம் ஆர்எம்3100னு இரைச்சல் கம்மியான காந்த சென்சார், வெலை வேணாம் விடுங்க. அதை பிவிசி பைப்புக்குள்ள அடைச்சு, ரெண்டு பக்கமும் மூடி சொல்யூஷன் போட்டு, மொபெட் வராத பின்கட்டுத் தோட்டத்துல மூணடி குழி தோண்டிப் பொதைச்சேன். பொதைக்கிறது எதுக்குன்னா வெயில் ஏற எறங்க சென்சாரும் ஏறி எறங்கும். பொதைச்சப்புறமும் தினமும் பகல் பதினொன்னு பன்னண்டுக்கு ஒரு மேடு வந்துச்சு, வெயில்தான் உள்ள எறங்குதுன்னு இன்னும் ஒரு அடி தோண்டினேன், மேடு போகல. தோண்டினது வெட்டி வேலை. அது நம்ம ஊரு பிரச்சனையே இல்ல, தலைக்கு மேல நூறு கிலோமீட்டர் உயரத்துல காந்த நடுக்கோட்டை ஒட்டிப் பகல்ல கிழக்க பாத்து ஓடுற மின்னோட்டம், ஈக்வடோரியல் எலக்ட்ரோஜெட். தென்கோடித் தமிழ்நாட்டுல அது சரியா உச்சந்தலைக்கு மேல, அதனாலதான் திருநெல்வேலில அதை ஆராயவே ஒரு நிலையம் வச்சிருக்காங்க. எங்க ஊரு கொஞ்சம் தள்ளி இருந்தாலும் வாடை வீசுது. குழி தோண்டி மேல இருக்குறதைக் கண்டுபுடிச்ச ஆளு நானாத்தான் இருப்பேன்.

மூணாவது, எந்த எடத்துலன்னு சொல்றதுக்கு, பழைய 60 மில்லிமீட்டர் டெலஸ்கோப். அதுல கண்ணை வச்சு சூரியனைப் பாக்கவே கூடாது, ஒரு வினாடி கூட, கண்ணு திரும்பி வராது. ஐபீஸ்ல இருந்து விழுற வெளிச்சத்தை நிழல்ல வச்ச வெள்ளை அட்டைல பிடிச்சு அட்டையைத்தான் பாக்கணும். ப்ளாஸ்டிக் ஐபீஸ் போட்டு ஒன்னை உருக்கிட்டேன், நாத்தம் ரெண்டு நாள் போகல. கண்ணாடி லென்ஸும் மெட்டல் உடம்பும் இருக்குறதுதான் தாங்கும். முத்தத்துல ஆச்சி வத்தல் பரப்பியிருக்குற பாய்க்குப் பக்கத்துல ஸ்டாண்டை வச்சா தாழ்வாரத்து நிழல்ல அட்டை, சூரியன் உள்ளங்கை அகலத்துக்கு விழும், கரும்புள்ளி மிளகு தெறிச்ச மாதிரி. கொடைக்கானல்ல நூறு வருஷத்துக்கு மேல தினமும் இதைத்தான் போட்டோ புடிச்சு சேத்து வச்சிருக்காங்கன்னு நெனச்சா நம்ம அட்டைக்கும் கொஞ்சம் மரியாதை வருது.

இப்ப அக்டோபர். மூணாம் தேதி சூரியனோட இந்தப் பதினோரு வருஷச் சுழற்சில அதுவரைக்கும் பெரிய ஃபிளேர், எக்ஸ் 9, எக்ஸ்தான் எம்முக்கும் மேல இருக்குற வகை. நம்ம நேரம் சாயங்காலம் 5:48, இங்க சூரியன் அடைய இன்னும் கால் மணி நேரம். என் கோட்டுல? ஒன்னுமில்ல. அப்பன்னா அப்படி ஒரு கடுப்பு. வயரு புடுங்கிக்கிச்சான்னு ஆட்டி ஆட்டிப் பாத்தேன். விஷயம் என்னன்னா ஆஸ்திரேலியாவுல ரெண்டு மணி நேரம் முன்னாடியே இருட்டிப் போச்சு, சிக்னல் வர்ற வழில முக்காவாசி ராத்திரி, இருட்டுல எக்ஸ்ரே எங்க போயிப் படும். நம்ம பக்கம் இருந்த கொஞ்சநஞ்ச மாற்றமும் அந்தி நேரத்து ஆட்டத்துல கலந்து போச்சு.

ஆறு நாள் கழிச்சு, ஒன்பதாம் தேதி. பல்லு வெளக்கிட்டு வந்து ஸ்க்ரீனைப் பாக்குறேன், ஏழு இருவதுக்கு மேல கோடு மேல போயிக்கிட்டு இருக்கு. அடுப்பான்னு மூணாம் கட்டுக்கு ஓடினேன், ஆச்சி முகப்புல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காக, அடுப்பு சில்லுன்னு இருக்கு. திரும்பி வந்தா உச்சிக்குப் போயி வளைய ஆரம்பிச்சிடுச்சு, அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல மெதுவா எறக்கம். சுத்தமான சுறாத் துடுப்பு. அமெரிக்காவோட கோஸ் சாட்டிலைட் எக்ஸ்ரே கிராஃபைத் திறந்து பாத்தா எக்ஸ் 1.8, உச்சம் 01:56 யுடிசி, நம்ம நேரம் 7:26. என் ஃபைல்ல உச்சம் 7:28. அந்த ரெண்டு நிமிஷம் தப்பில்ல, டி லேயர் கொஞ்சம் சோம்பேறி, எக்ஸ்ரேக்குப் பின்னாடி நிமிஷக் கணக்குல லேட்டாத்தான் வரும்.

எட்டரை மணிக்கு வெயில் முத்தத்துல எறங்கினதும் அட்டையைப் போட்டேன். கரும்புள்ளிக் கூட்டம் வட்டத்தோட நடு மையத்தை ஒட்டி உக்காந்திருந்துச்சு. ஓரத்துல இருந்தா பக்கவாட்டுல எறிஞ்சிருக்கும், இது துப்பாக்கி வாய் நேரா நம்மளைப் பாக்குற மாதிரி. அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சூரியனைப் பாக்குற சோஹோ சாட்டிலைட் படமும் வந்துடுச்சு, சூரியனைச் சுத்தி முழு வளையமா மேகம் விரியுது, முழு வளையம்னா அது நம்மளைப் பாத்து வருதுன்னு அர்த்தம், இல்லன்னா நேரெதிர் பக்கம் போகுது, புள்ளி முன்பக்கம் இருக்குறதைத்தான் நானே பாத்துட்டேனே.

ஆச்சிகிட்ட நாளைக்கு ராத்திரி வாக்குல சூரியன்ல இருந்து ஒன்னு வந்து இடிக்கும்னேன். "கரண்டு போகுமாப்பா?" நம்ம ஊர்ல அதுக்குப் போகாது ஆச்சின்னேன். "அப்ப எதுக்குப் போகுதாம் தினமும்"ன்னாக. அதுக்கு என்கிட்ட கருவி இல்ல.

பத்தாம் தேதி சாப்பிட்டுட்டு எட்டு மணில இருந்து உக்காந்திருக்கேன். ஆர்எம்3100 கோடு நூல் புடிச்ச மாதிரி போயிக்கிட்டு இருக்கு. எட்டே முக்காலை ஒட்டி ஒரே வெட்டுல மேல தூக்குச்சு, ஒன்னு ரெண்டு நிமிஷத்துல பல பத்து நானோ டெஸ்லா. கீழ எறங்கும்னு காத்திருந்த எனக்கு ஒரு நிமிஷம் பகீர்னுச்சு, யாராவது குழிக்கிட்ட வண்டியை விட்டுட்டாங்களான்னு டார்ச் எடுத்துக்கிட்டு தோட்டத்துக்குப் போயிட்டேன். தவளைதான் கத்திக்கிட்டு இருந்துச்சு. முதல்ல மேகம் மோதி பூமியோட காந்தக் கூட்டை அமுக்கும், அப்ப பலம் ஏறத்தான் செய்யும், அதுக்கப்புறம்தான் எறக்கம்னு முன்னாடியே படிச்சிருந்தும் நேர்ல பாக்குறப்ப மறந்துடுச்சு பாருங்க. ஃபிளேர்ல இருந்து முப்பத்தேழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பதினஞ்சு கோடி கிலோமீட்டரை அதால வகுத்தா வினாடிக்குச் சராசரியா ஆயிரத்து நூறு கிலோமீட்டர். பூமிக்குப் பதினஞ்சு லட்சம் கிலோமீட்டர் முன்னாடி, சூரியன் பக்கமா எல்1ங்கற எடத்துல நிக்குற நம்ம ஆதித்யா சாட்டிலைட்டை அது தாண்டி வந்து கொஞ்ச நேரத்துல என் தோட்டத்துக் குழிக்குள்ள தெரிஞ்சிருக்கு.

ராத்திரி முழுக்க கோடு எறங்கிக்கிட்டே இருந்துச்சு, நடுநடுவுல ஏறி மறுபடி எறங்கி, விடியுற நேரத்துக்கு எறக்கம் முன்னூறு நானோ டெஸ்லாவை ஒட்டிப் போயிடுச்சு. நம்ம ஊர்ல வடக்க இழுக்குற பலம் நாப்பதாயிரம் நானோ டெஸ்லா வாக்குல, அதுல முன்னூறுன்னா ஒரு சதவீதத்துக்கும் கம்மி, திசைகாட்டி பாத்து நடக்குறவனுக்குத் தெரியவே தெரியாது. மிட்டாய் பாட்டிலும் ஒன்னும் சொல்லியிருக்காது.

இப்ப பாக்கி இருக்குறது எக்ஸ் 9 கணக்கு. சாயங்கால ஃபிளேரைப் புடிக்கணும்னா சிக்னல் மேற்கேருந்து வரணும், அங்க அப்ப பகல். ஜெர்மனில 23.4 கிலோஹெர்ட்ஸ்ல டிஹெச்ஓ38னு ஒன்னு இருக்கு, ஆனா என் நூத்தம்பது ரூவா கார்டு 24க்குக் கிட்ட போறப்பவே மூச்சு வாங்குது, அதனால 96 கிலோஹெர்ட்ஸ் கார்டு ஒன்னு ஆர்டர் போட்டாச்சு. பழைய சாமான் கடைல இன்னொரு சட்டம் பாத்து வச்சிருக்கேன், இதுல படம் பாதி நல்லாருக்கு, அதனால ஐநூறு சொல்றாரு. வைண்டிங் கடைல இன்னொரு முந்நூறு கிராம் சொல்லியாச்சு. இந்தத் தடவ பத்து சுத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டிக்கிட்டே போகணும்.